பழைய பிளேடில் சவரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த பேன்சி ஸ்டோரை மூடியபோது, கடைக்கார மாமா அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஓர் அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிளேடு பொட்டலங்களை வரிசையாகக் குத்தி வைத்த அட்டை. பாதி விற்றுப்போய், பாதி அப்படியே இருந்தது. விலை பைசாக் கணக்கில் அச்சிட்டிருந்தது. "எடுத்துட்டுப் போய் போட்டுப் பாருப்பா" என்றார். அன்றிலிருந்து பதினோரு வருடமாகப் பழைய பிளேடுகளைத் தேடி வாங்கி, சவரம் செய்து பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நான் இப்படிச் செய்வது தெரியவந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

பழைய பிளேடு என்றால் யாரோ போட்டுக் கழித்ததா?

இல்லவே இல்லை. இங்கே பழைய பிளேடு என்று சொல்வது, ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்னால் செய்து, பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்துவிட்ட புது பிளேடை. சேஃப்டி ரேசரில் போடும் சாதா பிளேடு, இரண்டு பக்கமும் கூர் உள்ளது. கடை இருப்பில் தங்கிப்போனது, பீரோவில் மறந்துபோனது, கிடங்கில் பெட்டியோடு கிடந்தது, இப்படித்தான் அவை நம் கைக்கு வருகின்றன. ஒருமுறை ஒருவர் முகத்தில் பட்ட பிளேடு எவ்வளவு அரிய பிராண்டாக இருந்தாலும் அது குப்பைதான்.

இத்தனை வருடம் கழித்தும் கூர் இருக்குமா?

இருக்கும். சும்மா கிடக்கும் எஃகு வயதானதால் மட்டும் மழுங்காது. மழுங்க இரண்டே வழிதான் உண்டு: முடியை வெட்டுவது, அல்லது துருப் பிடிப்பது.

முதலாவதைப் பற்றி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடி எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மிருதுவானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் கெட்டுப்போகிறது? எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்தார்கள். ஓரம் மெல்ல மெல்லத் தேய்வதைவிட, பொடிப் பொடியாகச் சில்லு பெயர்வதுதான் பெரிய காரணம் என்று தெரிந்தது. முடி வளைந்துகொடுத்து ஓரத்தைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அந்த இடத்தில் எஃகின் உள்ளமைப்பும் சீரில்லாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அங்கே சில்லு தெறிக்கிறது.

இதைப் படித்த பிறகுதான் என் நோட்டில் பல வருடமாக எழுதி வைத்திருந்த ஒன்று எனக்கு விளங்கியது. கண்ணுக்கே தெரியாத அளவு துரு தொட்ட பிளேடு முதல் இரண்டு இழுப்பில் நன்றாகப் போகும், மூன்றாவது இழுப்பில் திடீரென்று முடியைப் பிடித்து இழுக்கும். துரு தின்ற குழிதான் எஃகு பலவீனமான இடம். சில்லு அங்கிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

அதனால் எந்த வருடத்து பிளேடு என்று கேட்பதற்கு முன்னால், எப்படி வைத்திருந்தார்கள் என்று கேட்க வேண்டும். மலிவான பிராண்டாக இருந்தாலும், ஈரம் படாமல் மெழுகுத்தாள் இறுகி இருந்தால் நல்ல சவரம் கிடைக்கும். பெரிய பெயர் உள்ள பிளேடு குளியலறை அலமாரியில் முப்பது வருடம் இருந்திருந்தால் அதை வாங்காதீர்கள். எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் கடைசியில் நான் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

எந்தக் காலத்து பிளேடைத் தேடலாம்?

இதற்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும்.

போட்டுவிட்டுத் தூக்கி எறியும் மெல்லிய பிளேடு என்ற யோசனை கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு 1895-இல் வந்தது. அவர் பாட்டில் மூடி விற்ற கம்பெனியில் விற்பனையாளர். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கடினமாக்கிச் சாணை பிடிக்கவே முடியாது என்று எஃகு தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதை முடித்துக் காட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1901-இல் கம்பெனி தொடங்கியது, 1904-இல் காப்புரிமை கிடைத்தது. 1903-இல் விற்றது மொத்தமே 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் ரேசர் விற்பனை 90,000-ஐத் தாண்டியது. முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் சிப்பாய்களுக்கு என்று லட்சக்கணக்கில் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் பழக்கத்தையும் கூடவே கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்து பிளேடு எல்லாம் கார்பன் எஃகு. நன்றாகக் கூர் ஏறும், ஆனால் தண்ணீர் பட்டால் துருப் பிடிக்கும். 1932-இல் ஜில்லெட் புளூ பிளேடு வந்தது. நீல அரக்குப் பூச்சு இருந்தாலும் உள்ளே கார்பன் எஃகுதான். 1960-இல் சூப்பர் புளூ வந்தது. எஃகு மாறவில்லை, ஆனால் கூரின் மேல் சிலிக்கோன் பூச்சு ஏறியது. பூச்சு இருந்தால் முடியை வெட்டும்போது உராய்வு எவ்வளவு குறைகிறது என்பதை உலகம் அப்போதுதான் முகத்தில் உணர்ந்தது.

அதற்கடுத்து ஆட்டத்தை மாற்றியது வாள் செய்த கம்பெனி. இங்கிலாந்தின் வில்கின்சன் சோர்டு, 1772-இல் துப்பாக்கித் தொழிலில் தொடங்கி, பிறகு வாளுக்குப் பெயர் எடுத்தது. 1960-களின் தொடக்கத்தில் அவர்கள் எவர்சில்வரில், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், டெஃப்ளான் வகைப் பூச்சு போட்ட பிளேடை விற்றார்கள். துரு இல்லை, ஒரே பிளேடு பல நாள் வந்தது. கடைகளில் சரக்கு போதவில்லை. பூச்சுக்கான காப்புரிமை ஜில்லெட் கையில் இருந்ததால் வில்கின்சன் அவர்களுக்கு உரிமைத்தொகை கட்டியது. ஆனாலும் பேர் வாங்கியது வில்கின்சன்தான். ஜில்லெட் தன் ஸ்டெயின்லெஸ் பிளேடை 1963-இல்தான் இறக்கியது. 1969-இல் பிளாட்டினம்-குரோமியப் பூச்சோடு பிளாட்டினம் பிளஸ் வந்தது. பெர்சோனா 74 என்று டங்ஸ்டன் சேர்த்த எஃகில் ஒன்று வந்தது. சேகரிப்பவர்கள் இன்றைக்கும் அதிகம் தேடுவது அதைத்தான். ஷிக் கம்பெனியின் குரோனா வரிசையும் நல்ல பெயர் எடுத்தது.

1971-இல் ஜில்லெட் இரட்டைத் தகடு உள்ள கார்ட்ரிட்ஜை, அதாவது பிளேடு பதித்தே வரும் மாற்றுத் தலையை, கொண்டுவந்தது. கம்பெனிகளின் பணமும் கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டன.

ஆகவே என் கணக்கு இது: 1963-லிருந்து 1970-களின் கடைசி வரை வந்த பூச்சு போட்ட ஸ்டெயின்லெஸ் பிளேடுகள்தான் முயற்சி செய்யத் தக்கவை. பெரிய கம்பெனிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, சாதா பிளேடிலேயே தங்கள் முழுத் திறமையையும் காட்டிய பதினைந்து வருடம் அது. எஃகும் துருவுக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. கார்பன் எஃகு பிளேடுகளை நான் வெறுக்கவில்லை, ஆனால் அவற்றைப் பிறகு பாருங்கள்.

மூன்று ஓட்டை போட்ட பிளேடு கிடைத்தது. என் ரேசரில் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாது. நடுவில் நீளமாக வெட்டு விட்டிருக்கும் பிளேடு 1930 வாக்கில் வந்தது. அதற்கு முன்னால் வட்டமாக மூன்று ஓட்டைதான். வெட்டு விட்ட பிளேடு பழைய ரேசரிலும் உட்காரும், மூன்று ஓட்டை பிளேடு புது ரேசர்கள் பலவற்றில் உட்காராது. ஆரம்ப காலத்து பிளேடுகள் தடிமனும் கூட. ஆயிரத்தில் ஆறு அங்குலம், இன்றைக்கு இருப்பது ஆயிரத்தில் நாலு. வலுக்கட்டாயமாகத் திருகி இறுக்கினால் பிளேடு உடைந்து தெறிக்கும். அதை அப்படியே பார்த்து ரசித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

நம் ஊர் பிளேடுகள் எப்படி?

எனக்கு மனதுக்கு நெருக்கமானவை இவைதான். பாரத், அசோக், பனாமா, டோபாஸ் என்று நம் அப்பா தலைமுறைக்குப் பழகிய பெயர்களில் பெரும்பாலானவை மல்ஹோத்ரா குடும்பத்து ஆலைகளிலிருந்து வந்தவை. செவன் ஓ கிளாக்கும் இருந்தது. பெட்டிக்கடையில் பொட்டலமாக வாங்க முடியாதவர்கள் ஒற்றை பிளேடு வாங்குவார்கள். சவரத்துக்குப் பிறகும் அந்த பிளேடுக்கு ஓய்வு கிடையாது: பென்சில் சீவ, தையல் பிரிக்க, நகம் வெட்ட, அப்புறம் சலூனில் பாதியாக உடைத்துக் கத்தியில் செருக.

மழுங்கிய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் விரலால் அழுத்தி முன்னும் பின்னும் தேய்ப்பதை நிறைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். என் அப்பா அதை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வார். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, பிளேடை அதன் வளைவோடு சேர்த்து ஒட்டவைத்து இருபது தடவை தேய்த்து, திருப்பிப் போட்டு இன்னொரு இருபது. வீடு முழுக்க அந்தக் கிறீச் சத்தம் கேட்கும். பூச்சு இல்லாத கார்பன் பிளேடுக்கு இது உண்மையிலேயே உதவும், மடங்கிப்போன ஓரத்தை நிமிர்த்திவிடும். பூச்சு போட்ட பிளேடில் செய்தால் பூச்சுதான் போகும்.

நம் ஊர் பழைய பிளேடு வாங்கும்போது அட்டையில் ஸ்டெயின்லெஸ் என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு எஃகு வந்திருக்கலாம், பெயரை மட்டும் நம்பிப் பயனில்லை. இன்னொன்று, நம் ஊர் ஈரப்பதம். கடலோர ஊர்களில் கிடந்த சரக்கில் பாதிக்கு மேல் நான் கழித்திருக்கிறேன். கோயம்புத்தூர், சேலம் பக்கத்துச் சரக்கு பரவாயில்லை.

வாங்கும்போது எதைக் கவனிப்பது?

வெளி அட்டையைவிட உள்தாள் முக்கியம். உள்ளே மெழுகுத்தாள் கூர்மையான மடிப்போடு, பிளேடின் அளவுக்கு அச்சாகப் படிந்திருக்க வேண்டும். ஒருமுறை பிரித்து மறுபடி மடித்த தாளில் பழைய மடிப்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு தெரியும். சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் தப்பாது.

இதை நான் கற்றுக்கொண்டது நஷ்டப்பட்டுத்தான். ஒருவரிடமிருந்து ஐந்து பிளேடு உள்ள இங்கிலாந்துப் பொட்டலம் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். அட்டை அப்படியே இருந்தது, செல்லோபேன் கூட இருந்தது. முதல் பிளேடைத் தாளிலிருந்து உருவியபோது அதன் ஒரு மூலையில் காய்ந்த சோப்பு, வெள்ளைப் பொடியாக ஒட்டியிருந்தது. ஐந்தும் போட்ட பிளேடுகள். யாரோ பொறுமையாக ஒவ்வொன்றையும் மடித்து உள்ளே வைத்திருக்கிறார்கள். அந்த நாளிலிருந்து எந்தப் பொட்டலமாக இருந்தாலும் வாங்குவதற்கு முன் உள்தாளின் படம் கேட்கிறேன். தராதவரிடம் வாங்குவதில்லை.

துரு முதலில் தெரியும் இடம் பிளேடின் நான்கு மூலைகள், அதற்கடுத்து நடு வெட்டின் ஓரம். தாளிலேயே பழுப்புக் கறை ஊறியிருந்தால் உள்ளே பிரித்துப் பார்க்கவே வேண்டாம். கட்டைவிரலால் தள்ளி பிளேடை எடுக்கும் டப்பாக்கள் 1940-களின் கடைசியில் வந்தன. அவற்றில் பிளேடுக்குத் தாள் கிடையாது, எண்ணெய் மட்டும்தான். அந்த எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். அந்த மாதிரி டப்பாவில் பின்பக்கம் போட்ட பிளேடைச் செருக ஓர் இடம் உண்டு. அங்கிருந்து எதையும் எடுத்துவிடாதீர்கள்.

பிரித்து வைத்திருந்தாலும் புதுசு என்று சொல்கிறார்கள். ஸ்பிரிட்டில் கழுவிப் போடலாமா?

வேண்டாம். முகத்தில் பட்ட பிளேடில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கும். ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஐம்பது வருடத்துப் பொட்டலத்துக்குள் நேற்று செருகிய பிளேடு இருக்க முடியும் என்பதற்கு என் இங்கிலாந்துப் பொட்டலமே சாட்சி. உள்தாள் குலையாத பிளேடை மட்டும் போடுங்கள்.

துருப் பிடித்த பிளேடால் வெட்டினால் ரண ஜன்னி வருமா?

ரண ஜன்னி துருவால் வருவதில்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் ஒரு பாக்டீரியாவின் வித்து காயத்துக்குள் போவதால் வருகிறது. துருப் பிடித்த ஆணி மண்ணில் கிடப்பதால் இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதற்காகத் துருப் பிடித்த பிளேடைப் போடலாம் என்று அர்த்தமில்லை. அது தோலைக் கீறும், புண்ணாக்கும். டி.டி. ஊசி போட்டுப் பல வருடம் ஆகியிருந்தால், பழைய பிளேடு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

முகப்பரு இருப்பவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், சர்க்கரை நோயால் காயம் ஆற நாளாகிறவர்கள் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல்முறை போடுவதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள்?

வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வைத்திருக்கிறேன். காலை வெயில் வரும் சன்னல் பக்கம் உட்கார்ந்து, பிளேடின் இரண்டு குட்டை முனைகளையும் பிடித்து, கூரின் மேல் வெளிச்சத்தை மெதுவாக ஓடவிடுவேன். நல்ல ஓரம் ஒரே கோடாக மின்னும். அந்தக் கோட்டில் கறுப்புப் புள்ளி வந்தாலோ, மினுக்கம் ஓரிடத்தில் விட்டுப்போனாலோ அந்த பிளேடு வேண்டாம். பல பிளேடுகளில் தாளோடு ஒட்டிப் பிடிக்க நான்கு சொட்டு மெழுகு வைத்திருப்பார்கள். கூர் எதிலும் உரசாமல் நிற்கத்தான் இந்த ஏற்பாடு. வெயிலில் கிடந்த சரக்கில் அந்த மெழுகு உருகி ஓரம் வரை வந்து கல்லாகியிருக்கும். வெந்நீரில் ஒரு நிமிடம் விட்டு ஆட்டினால் போய்விடும். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் முக்கி, காற்றில் உலரவிடுவேன். துணியால் துடைப்பதில்லை. துணியின் ஒரு நூல் போதும், ஓரம் போய்விடும்.

எந்த ரேசர், எந்த சோப்பு?

உங்களுக்குப் பழகியது எதுவோ அது. ஒரு சோதனையில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிளேடையும் மாற்றி, சோப்பையும் மாற்றி, ரேசரையும் மாற்றினால் முகம் எரிந்ததற்கு யார் காரணம் என்று எப்படித் தெரியும்? புதிதாகத் தொடங்குபவர்கள் சாதுவான ரேசர் வைத்துக்கொள்ளுங்கள். நான் 1940-களின் ஜில்லெட் டெக் ஒன்றில்தான் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கிறேன். பிளேடு வெளியே கொஞ்சமாகத்தான் எட்டிப் பார்க்கும், மோசமான பிளேடு கூட அதில் பெரிய காயம் பண்ணாது.

எப்படிச் சோதிப்பது? வெறுமனே ஒருமுறை சவரம் செய்து பார்த்தால் போதாதா?

போதாது. நம் முகமே நாளுக்கு நாள் வேறு மாதிரி இருக்கும். தூக்கம் கெட்ட மறுநாள் நல்ல பிளேடும் எரியும்.

நான் செய்வது இப்படி. இரண்டு நாள் வளர்ந்த முடி. வெந்நீரில் முகம் கழுவி, நுரை போட்டு, மூன்று நிமிடம் அப்படியே இருப்பேன். நீர் ஊறிய முடியை வெட்டுவது எவ்வளவோ சுலபம், இதை விட்டுவிட்டு எந்த பிளேடையும் குறை சொல்லக் கூடாது. இரண்டு ரேசர்: வலது கன்னத்துக்குப் பழைய பிளேடு, இடது கன்னத்துக்கு நான் தினமும் போடும் புது பிளேடு. மறுமுறை பக்கத்தை மாற்றிவிடுவேன். ஏனென்றால் வலது கைக்காரனுக்கு வலது கன்னம் எப்போதுமே கொஞ்சம் நன்றாக வரும். சில நேரம் என் மனைவி பிளேடுகளைப் போட்டுக் கொடுப்பாள், எது எது என்று சொல்லமாட்டாள். எழுதி முடித்த பிறகுதான் கேட்பேன். பெரிய பெயர் உள்ள பிளேடு என்று தெரிந்தாலே முகம் அதை நல்லதாக உணரத் தொடங்கிவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் எந்தச் சோதனையும் சரியாக வராது.

முடி வளரும் போக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. எதிர்ப்போக்கில் முதல் நாள் போகவே மாட்டேன். கை அழுத்தக் கூடாது, ரேசரின் எடையே போதும். காதால் கேட்பேன். நல்ல பிளேடு முடியை வெட்டும்போது காய்ந்த வெட்டிவேரைக் கிள்ளுவது போல மெல்லிய, சீரான சத்தம் வரும். சத்தம் விட்டு விட்டு வந்தால் ஓரத்தில் குறை இருக்கிறது. மேலுதட்டில் மூக்குக்குக் கீழேயும், மோவாய்க் குழியிலும் எப்படிப் போகிறது என்பதைத் தனியாகக் குறிப்பேன். கன்னத்தில் எந்த பிளேடும் தப்பித்துவிடும், குட்டு உடைவது இங்கேதான்.

கடைசியில் படிகாரம். ஈர முகத்தில் படிகாரக் கட்டியைத் தடவினால், கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும் இடமெல்லாம் சுரீர் என்று காட்டிக்கொடுத்துவிடும். எங்கே, எவ்வளவு நேரம் எரிந்தது என்று நோட்டில் எழுதுவேன். சலூனில் நாம் சின்ன வயதிலிருந்து பார்க்கிற அந்த வெள்ளைக் கல்லைப் போல உண்மை பேசும் கருவி வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

முதல் சவரத்தைவிட இரண்டாவது நன்றாக இருந்தது. ஏன்?

டெஃப்ளான் பூச்சு போட்ட பிளேடுகளில் இது சாதாரணம். முதல் சவரத்தில் கூரின் உச்சியில் இருக்கும் அதிகப்படியான பூச்சு பின்னால் ஒதுங்கிவிடுகிறது. வெளிநாட்டில் சிலர் தக்கைக் கட்டை ஒன்றில் பிளேடை ஒருமுறை இழுத்து, அந்த வேலையை முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள். நான் செய்வதில்லை. பழைய பிளேடு மறுபடி கிடைக்காது, அதன் முதல் சவரத்தைத் தக்கைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எப்படியும் மூன்று சவரம் முடியாமல் எந்த பிளேடைப் பற்றியும் முடிவு சொல்லாதீர்கள்.

கார்பன் எஃகு பிளேடைப் போட்டுப் பார்க்கவே கூடாதா?

பாருங்கள், ஆனால் எதிர்பார்ப்போடு போகாதீர்கள். நன்றாக இருந்த புளூ பிளேடு ஒன்றில் எனக்கு வந்த முதல் சவரம் இன்றைக்கும் நினைவில் நிற்கிறது. பூச்சு இல்லாததால் வழுக்கல் இருக்காது, முடி வெட்டுப்படுவதை ஒவ்வொன்றாக உணர முடியும். நம் தாத்தாக்கள் தினமும் உணர்ந்தது இதைத்தான். ஒரு சவரம், மிஞ்சினால் இரண்டு. முடித்தவுடன் ரேசரிலிருந்து எடுத்து, ஸ்பிரிட்டில் முக்கி உலரவிட வேண்டும். ரேசரிலேயே விட்டால் மறுநாள் காலை வெட்டின் ஓரத்தில் செம்புள்ளி வந்திருக்கும். முகத்தில் சின்ன எரிச்சல் சகஜம். அதைத் தாங்க முடியாதவர்கள் ஸ்டெயின்லெஸோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஸ்டெயின்லெஸ் பழைய பிளேடு எத்தனை நாள் வரும்?

என் முடிக்கு நான்கிலிருந்து ஏழு சவரம். உங்கள் முடி முரட்டு முடியென்றால் மூன்று. இழுக்க ஆரம்பித்தால் அன்றே எடுத்துவிடுங்கள். அரிய பிளேடு என்று இன்னொரு நாள் ஓட்டுவதற்குத் தோல்தான் விலை கொடுக்கும்.

உண்மையைச் சொல்லுங்கள், புது பிளேடைவிடப் பழையது நல்லதா?

சில மிக நல்லவை. என் நோட்டில் முதல் பத்து இடங்களில் நான்கு பழைய பிளேடுகள் இருக்கின்றன: பெர்சோனா 74, 1960-களின் வில்கின்சன், ஜில்லெட் பிளாட்டினம் பிளஸ், ஷிக் குரோனா. மற்ற ஆறும் இன்றைக்குக் கடையில் கிடைப்பவை. ஜப்பானின் ஃபெதர் அளவுக்குக் கூரான பழைய பிளேடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் பெர்சோனா 74-இல் இருக்கும் நிதானம், ஐந்தாம் சவரத்திலும் மாறாத அந்தச் சீர், புதியவற்றில் அபூர்வம்.

விலையைப் பார்த்தால் நியாயமே இல்லை. பெயர் பெற்ற பழைய பொட்டலம் ஒன்றுக்குக் கேட்கும் பணத்தில் ஒரு வருடத்துக்கான நல்ல புது பிளேடு வாங்கலாம். தினசரி சவரத்துக்குப் பழைய பிளேடு வாங்குகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பேன். ஒரு பொட்டலம் வாங்குங்கள், நண்பர் ஒருவரோடு பாதி பாதி பிரித்துக்கொள்ளுங்கள், இருவரும் தனித்தனியாக எழுதி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கும் திருச்சியில் இருக்கும் ஒரு நண்பருக்கும் எட்டு வருடமாக இது நடக்கிறது. பாதிக்குப் பாதி எங்கள் கருத்து மாறுபடும். அவர் முடி கம்பி மாதிரி, என்னுடையது அடர்த்தி குறைவு.

மிச்சத்தை எப்படிப் பாதுகாப்பது?

குளியலறையில் வைக்காதீர்கள். அவ்வளவுதான் முக்கியம். காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில், மருந்துப் பாட்டிலில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு, பீரோவின் மேல்தட்டில் வைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை சிலிக்கா ஜெல்லை மாற்றுங்கள். அழகு பார்க்க அடிக்கடி பிரித்து எடுக்காதீர்கள், விரல் ஈரமும் உப்பும் கார்பன் பிளேடுக்கு ஆகாது.

போட்டு முடித்த பிளேடை என்ன செய்வது?

குப்பையில் அப்படியே போடாதீர்கள். அதைக் கையால் பிரிக்கும் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளில் குளியலறைக் கண்ணாடி அலமாரியின் பின்பக்கம் ஒரு சின்னப் பிளவு இருக்கும். பிளேடை அதற்குள் தள்ளினால் சுவருக்குள்ளேயே விழுந்துவிடும். அங்கே பழைய வீட்டை இடிக்கும்போது சுவருக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கில் கொட்டுவது இதனால்தான். நமக்கு அந்த வசதி வேண்டாம். மூடி திறக்காத பால் டின் ஒன்றில் இரண்டு துளை போட்டுப் பாலை வடித்துக் கழுவி, துளைகளில் ஒன்றை பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி அகலமாக்கினால் உண்டியல் தயார். நிரம்பியதும் வாயை டேப் போட்டு ஒட்டி, மேலே பேனாவால் பெரிதாக 'பிளேடு' என்று எழுதி, தூய்மைப் பணியாளர் அக்காவிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி நேரில் கொடுங்கள். நான் தொடங்கிய நாளிலிருந்து போட்டு வரும் டின் இன்னும் முக்கால்தான் நிரம்பியிருக்கிறது.